கரைவலையில் பட்ட பூதம்

14.08.2003, வியாழன். இன்றைய பிழை என்னுடையது. பூதத்தைக் கடலில் விடமுதல் கரைவலை முதலாளி ஞானப்பிரகாசம் சம்மாட்டியாரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

இவ்வளவும் படக் கொப்பியில் எழுதிவிட்டு ஜெயரூபினி பேனையைக் கடித்தாள். மறந்ததா, கேட்கப் பயந்ததா? யோசித்துப் பார்த்து, எழுதியதை அப்படியே விட்டாள்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம். கடலில் ஒரு பூதத்தை மிதக்கவிட்டு விளையாட முல்லைத்தீவில் ஒருவருக்கும் மனம் கூசாத வருசம். ஜெயரூபினியும் மாலை வீடியோ வகுப்புப் பிள்ளைகளும் ட்ரக்டர் ரியூப்களைக் கட்டி, நீலத் தறப்பாளால் போர்த்து, வெள்ளை றெஜிபோம் அட்டையில் பல் வெட்டி, இரண்டு சிவப்புப் பேசின்களைக் கண்ணாக வைத்திருந்தார்கள். வகுப்பெடுக்கும் நிஸார் நானா சனிக்கிழமை கமெராவோடு புத்தளம் போகிறார். அதற்குள் ஜெயரூபினி எழுதிய, பூதம் சாகிற காட்சியை எடுத்தால்தான் படம் முடியும்.

பின்னேரம் பூதத்தைக் கட்டியிருந்த கயிறு அறுந்தது. நீரோட்டம் பூதத்தைக் கொண்டுபோய்ச் சம்மாட்டியாரின் கரைவலைக்குள் விட்டது.

"பாரமடா! பாரை மீன் பட்டிட்டுது!" என்று உற்சாகமாக இழுத்தவர்கள், மீன் சேரும் பையான வலையின் மடி கரையேறியதும் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களில் சிவராசா மட்டும் திரும்பிவந்து கண்ணைத் தட்டிப் பார்த்தான்.

"கோதாரி, இது எங்கட வீட்டுப் பேசினெல்லோ!"

கரை முழுக்கச் சிரித்தது. அப்படியொரு சிரிப்பை ஜெயரூபினி பிறகு அந்தக் கரையில் கேட்கவில்லை. சம்மாட்டியார் சிரிக்கவில்லை. மடி கிழிந்து மீனெல்லாம் போய்விட்டது.

"ஆற்ற இது?"

ஜெயரூபினி முன்னால் வந்தாள். "எங்கட பூதம், ஐயா. பிழை என்னிலதான். உங்களிட்டச் சொல்லியிருக்கோணும்."

"என்ர வலையில பட்டது என்ர. தரமாட்டன்."

"பங்கு பிரிக்கிறதெண்டால் எனக்கு வால் மட்டும் காணும், சம்மாட்டியார்," என்றான் சிவராசா.

"நீ வாயைப் பொத்து."

நிஸார் நானா மெல்லக் கிட்ட வந்தார். "அண்ணை, நாளைக்கு இதை ஈட்டியால குத்திக் கொல்லோணும். அதோட படம் முடிஞ்சிடும்."

"ஈட்டியாலயோ?" சம்மாட்டியாருக்கு இப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. "ஆர் எழுதினது?"

"நான்தான், ஐயா."

"இவ்வளவு பெரிய சாமானை ஆர், பிள்ளை, ஈட்டியால பிடிக்கிறது? வலையாலதான் பிடிக்கோணும். இப்ப பிடிச்சதைக் கண்டனீதானே?"

கண்டாள். ஒரு கிழமையாக அவள் அடித்து அடித்து எழுதிய முடிவைவிட அது நன்றாக இருந்தது.

"அப்ப நாளைக்கு இன்னொருக்காப் பிடிப்பீங்களோ, ஐயா?"

சம்மாட்டியார் மடியைப் பார்த்தார். பூதத்தைப் பார்த்தார்.

"கிழிஞ்ச மடியைப் பொத்தித் தைச்சுத் தந்தால் பிடிப்பன். ஆனால் இழுக்கேக்க ஒருத்தரும் சிரிக்கப்படாது."

ஈட்டிக் காட்சியை வெட்டிவிட்டு ஜெயரூபினி கீழே எழுதினாள்:

நாளை: விடியக்காலை எல்லோரும் கரையிலுள்ள சம்மாட்டியாரின் மீன்வாடிக்குப் போய் மடி பொத்துவது. நானா ஜும்மா தொழுதுவிட்டு வந்தபிறகு வலை வளைத்துப் படம் எடுப்பது.