குத்தகையா, வட்டியா

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் சூப்பர்வைசராக இருந்த சோலைமலை, 1988இல் ஓய்வு பெற்றபோது கைக்கு நாற்பதாயிரம் ரூபாய் வந்தது. தேவாரம் ஊர்க்காரர் உக்கிரபாண்டி தன் இரண்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டத்தை அதே நாற்பதாயிரத்துக்கு ஐந்து வருஷக் குத்தகையாகத் தருவதாகச் சொன்னார். அவ்வளவு காலமும் அடுத்தவர் செடியைப் பார்த்தவருக்கு, ஒரு தடவையாவது தனக்கென்று காய் எடுத்துவிட வேண்டும் என்றிருந்தது. மனைவி சுருளியம்மாளோ பாங்கில் போடச் சொன்னாள்.

மகள் சந்திரவல்லி போடியில் ஓர் ஏலக்காய்க் கம்பெனியில் கணக்கு எழுதினாள். அங்கே அந்த வருஷம்தான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவை வரச்சொன்னாள். திரையில் கட்டம் கட்டமாக, ஒரு பக்கம் குத்தகை, மறுபக்கம் பாங்கு. விளைச்சல், விலை, ஆள்கூலி, உரம், ஜீப்பு வாடகை என்று அவர் சொல்லச் சொல்ல அடித்தாள். ஐந்து வருஷ முடிவில், போட்ட முதலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் குத்தகையில் இருபத்துநாலாயிரம் மிஞ்சியது. பாங்கில் வட்டி இருபதாயிரம். சோலைமலை சிரித்துவிட்டார்.

எழுந்தவர் திரும்ப உட்கார்ந்தார்.

"வெலை கிலோவுக்கு இருபது ரூபா கொறைஞ்சா?"

அவள் ஒரே ஓர் எண்ணை மாற்றினாள். அதற்குக் கீழே இருந்தவையெல்லாம் தாமாகவே மாறின; மிச்சம் பன்னிரண்டாயிரத்தில் நின்றது.

"ஒரு வருசம் மழை இல்லாம பாதிக் காய்தான்னு போடு ஆத்தா."

மூவாயிரத்து முந்நூறு.

பாங்குப் பக்கம் மட்டும் அசையவில்லை. சுருளியம்மாளுக்கு மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்க வேண்டும். பாங்கிலேயே போட்டுவிடலாம் என்றார். அரை ஏக்கர் மட்டும் எடுத்தால் என்னவென்று சந்திரவல்லி கேட்டாள். உக்கிரபாண்டி பிரித்துத் தரமாட்டார் என்று சொல்லிவிட்டு பஸ்சுக்குக் கிளம்பினார்.

மறுவருஷம் மழையும் நன்றாகப் பெய்தது, விலையும் ஏறியது. அந்தத் தோட்டத்தை எடுத்த ராக்கையா ஒரே வருஷத்தில் பாதி முதலைத் தேற்றிவிட்டதாகக் கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். சந்திரவல்லிக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்கவே கூசியது. இரண்டு நாள் பொறுத்து, தன் கணக்கால்தான் கெட்டுப்போனது என்று அவளாகவே சொன்னாள்.

ராக்கையா சங்கதி அவருக்கு முன்னமே தெரிந்திருந்தது.

"நான் கேட்டதத்தான நீ போட்ட. வெலை ஏறுனா என்னன்னு நான் கேக்கவே இல்லையே. பயந்த மனுசன் என்ன கேப்பானோ அதக் கேட்டேன்."

பிறகு அவரே, ராக்கையா காய் உலர்த்துவதற்கு விவரமான ஆள் தேடுவதாகவும், சீசனுக்கு மட்டும் வருவதாகத் தான் ஒத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

"கூலிக்காப்பா?"

"கூலிக்குத்தான். சும்மா உக்காந்து வட்டி வாங்க எனக்குச் சரிப்படல."

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பும் முதல் ஜீப்பில் மலையேறினார்.