இருநூற்று இருபது கிலோபாஸ்கல்

பாய்லர்காரர் காலமெல்லாம் சலவை ஆலையில் நீராவியோடு குடித்தனம் நடத்தியவர். ஓய்வு பெற்ற கையோடு மனைவியும் போய்ச் சேர்ந்தாள். மிஞ்சியது ஒரு ஸ்கூட்டர், ஒரு கைப்பம்பு, வேறு ஊரில் ஒரு மகள்.

சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஸ்கூட்டர் டயரில் காற்றை அவரே இறக்கிவிடுவார். ஞாயிறு காலை மகளுக்குப் போன். மாடிவீட்டம்மா துணி உலர்த்தும் சாக்கில் இரண்டையும் பார்த்துவிட்டாள். அவள் பார்த்தால் தெருவே பார்த்த மாதிரிதான்.

"அம்மாடி, டயருக்குக் காத்தழுத்தம் ரெண்டு புள்ளி ரெண்டு பார்னு போட்டிருக்கு. பம்புல கிலோபாஸ்கல்னு இருக்கே, எவ்வளவு வெக்கணும்?"

மகள் கணக்குப் போட்டுச் சொல்வாள். அப்படியே சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று பேச்சு கொஞ்ச நேரம் ஓடும். சும்மா கூப்பிட்டால், "என்னப்பா விஷயம்?" என்பாள், விஷயம் இல்லையென்றால் வைத்துவிடுவாள். அவள் பாடு அவளுக்கு. பாரை நூறால் பெருக்கினால் கிலோபாஸ்கல் என்பது இவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால், எல்லாம் தெரிந்த ஆளோடு யார் உட்கார்ந்து பேசுவார்கள்?

ஒரு ஞாயிறு மகளுக்கு என்ன அவசரமோ. "ரெண்டாயிரத்து இருநூறுப்பா."

"ஐயையோ, டயர் வெடிச்சுச் செதறிடும்! இருநூத்தி இருபது!"

வாய் முந்திக்கொண்டது. பாய்லர்காரர் காதில் தப்பான அழுத்தம் விழுந்தால் பாழாய்ப்போன நாக்கு சும்மா கிடக்குமா?

மறுமுனையில் மகள் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"இல்லம்மா... ஒரு குத்துமதிப்பா..."

"நல்லதாப் போச்சு. இனி நீங்களே நூறால பெருக்கிக்குங்க. வெக்கிறேன்ப்பா, வேலை கெடக்கு."

அடுத்த சனிக்கிழமையும் கை பழக்கதோஷத்தில் காற்றை இறக்கிவிட்டது. ஞாயிறு காலை போனை ஸ்கூட்டர் சீட்டில் வைத்து, பம்போடு பக்கத்தில் குந்தினார். போன் வாயைத் திறக்கவில்லை. இவரும் எடுக்கவில்லை. எடுத்து எதைக் கேட்பது?

மாடியில் ஈரத்துணிக்கு நடுவே தலை எட்டிப் பார்த்தது.

"என்னண்ணே, இன்னிக்குப் பொண்ணுகிட்ட பேசலையா? எவ்வளவு காத்து வெக்கப் போறீங்க?"

பம்பின் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. அதைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். அந்தத் தலை இப்போதைக்கு நகர்கிற மாதிரி தெரியவில்லை.

"அதான் தெரியலையேம்மா," என்றார். "கொஞ்சம் கீழ எறங்கி வந்து சொல்லேன்."