மிச்சமானவை வந்து சேரும் வீடு

சலவைக்கடையில் மிச்சமான தண்ணீர் ஆலோசகரின் வீட்டுக் குளியலறைக்கு வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு. நாற்பது வாளி இருக்கும். குழாய் மூடியிருந்தது, கூரையில் ஒழுக்கு இல்லை, ஆனாலும் தண்ணீர் முழங்கால் அளவுக்கு நின்றது, லேசான சோப்பு வாசனையோடு. சின்னச் சின்னத் தொழில் செய்கிறவர்களிடம் போய், எங்கே எது வீணாகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் அவருக்கு வேலை. அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் ஆலோசகர். முந்தின நாள்தான் சலவைக்கடை முதலாளியிடம், கடைசியாக அலசுகிற தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் தொட்டியில் பிடித்து, அடுத்த துணிகளின் முதல் அலசலுக்கு வைத்துக்கொள்ளும்படி சொல்லிக் கொடுத்திருந்தார். அதனால் ஒரு நாளைக்கு நாற்பது வாளி மிச்சம் என்று அவரே எழுதியும் கொடுத்திருந்தார். அவருடைய மனைவி குளியலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏங்க, இது தினமும் வருமா? வரும்னா சொல்லுங்க, பெரிய பீப்பா ஒண்ணு வாங்கிடலாம்" என்றார். தினமும் வந்தது. மொண்டு செலவழித்தால் போய்விட்டது, அடுத்த நாள் மறுபடி வந்தது. பீப்பா வாங்கினார்கள்.

ரொட்டிக்கடையில் அடுப்புக் கதவின் இடுக்கைக் கல்நார்க் கயிறு வைத்து அடைக்கச் சொன்ன வாரம், அங்கே வீணாகாமல் போன சூடு இவர்கள் படுக்கையறைச் சுவருக்கு வந்தது. மனைவி அதில் துணி காயப்போட்டார். அச்சகத்தில் தாளை வெட்டும் முறையை மாற்றியபோது, விரலகல வெள்ளைத் துண்டுகள் கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்தன. மகள் அவற்றை ஒட்டி ஒட்டி மூன்று ஆள் நீளத்துக்கு ஒரு பாம்பு வரைந்தாள். தச்சுப்பட்டறையில் பகலில் எரிந்த இரண்டு குழல்விளக்கை அணைக்கச் சொன்னதிலிருந்து இவர்கள் சமையலறையில் விளக்கே போட வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் முதல் மாதம் மூக்கில் விரலை வைத்தார்கள், இரண்டாவது மாதம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு அது நல்ல காலம். இதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு நல்ல காலம் வரவில்லை.

அவர் வேலை பார்த்த அலுவலகத்தில், மிச்சத்தை எழுதக் கொடுக்கும் படிவத்தில் ஐந்து கட்டங்கள். தண்ணீர், மின்சாரம், எரிபொருள், மூலப்பொருள், ஐந்தாவது 'மற்றவை'. எந்தக் கட்டமும் காலியாக இருக்கக்கூடாது என்பது விதி. காலியாக இருந்தால் படிவம் திரும்பி வரும். சலவைக்கடையில் முதல் நான்கும் நிரம்பிவிட்டன. ஐந்தாவதற்கு ஒன்றுமே கிடைக்காமல் ஆலோசகர் தலையைச் சொறிந்துகொண்டு கையில் கடிகாரத்தோடு ஒரு நாள் முழுக்க மூலையில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி மேசையில் இரண்டு பெண்கள். துணி காய்ந்து வரும்வரை இருவரும் ஒரு மணி நேரத்தில் அரை மணி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், பேசினார்கள், ஒருத்தி இன்னொருத்திக்கு முதுகு பிடித்துவிட்டாள். துணி காயும் நேரத்தை முன்னே பின்னே மாற்றிவைத்தால் ஒருவரே போதும் என்று அவர் எழுதினார். கெட்ட எண்ணம் கிடையாது. கட்டம் நிரம்ப வேண்டியிருந்தது, நிரப்பினார். அன்றைக்குத் தூக்கமும் நன்றாகத்தான் வந்தது.

மறு வாரம் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, இருவரில் மூத்தவர் இவர்கள் வீட்டில், குளிர்சாதனப் பெட்டிக்கும் சமையலறைக் கதவுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார். கடையின் நீல மேலங்கி, முழங்கையில் பழைய சூட்டுத் தழும்பு. கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது.

"யாருங்க நீங்க? எப்படி உள்ள வந்தீங்க?" என்றார் மனைவி.

"இஸ்திரி போடுறவம்மா. வேலைக்கு வர வேண்டாம்னு சனிக்கிழமை சொல்லிட்டாங்க. இன்னைக்கு வேற எங்கயாவது கேட்டுப் பாக்கலாம்னு கிளம்பினேன். கால் இங்க கொண்டாந்து விட்டுடுச்சு."

"உக்காருங்க முதல்ல."

"உக்கார வரலம்மா. பாத்துட்டேன்."

உண்மைதான், முழங்கால் மடங்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் தெருமுனைவரை வந்தார். கணவனும் மனைவியும் வீடு திரும்பினால், அவர்களுக்கு முன்பாகவே பழைய இடத்தில் நின்றார். தண்ணீரைப் போல இவரையும் செலவழித்துவிடலாமா என்றுகூட மனைவி நினைத்துப் பார்த்தார். வீட்டிலிருந்த அத்தனை துணிக்கும், ஜன்னல் திரைக்கும், கைக்குட்டைக்கும் நின்றபடியே இஸ்திரி போடக் கொடுத்தார். இஸ்திரிக்காரம்மா அழகாகப் போட்டுக் கொடுத்தார், ஆனால் போகவில்லை. மனைவி சலவைக்கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தார். முதலாளி கெட்டவரில்லை, கையைப் பிசைந்தார். "அவங்க இல்லாம கடை ஓடாதுன்னு நெனச்சேன்மா. ஓடுது. அதுதான் எனக்கே சங்கடமா இருக்கு" என்றார். பிறகு சுவரைக் காட்டினார். ஆலோசகர் கையெழுத்துப் போட்ட படிவம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

ஆலோசகர் படிவத்தைத் திருத்தித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார். மிச்சத்தைக் கூட்டலாம், குறைக்க வழியில்லை என்றார்கள். வேலையை விட்டுவிட்டால் வீட்டு வாடகைக்கு எங்கே போவது என்று அவர் விடவில்லை. அடுத்த மூன்று வருடத்தில் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர் வந்தார், அச்சகத்தில் தாள் வெட்டுகிறவர் வந்தார், தச்சுப்பட்டறையிலிருந்து அண்ணன் தம்பி இருவர் ஒரே நாளில் வந்தார்கள். இஸ்திரிக்காரம்மாவையும் சேர்த்து மொத்தம் பதினோரு பேர். யார் மேலும் யாருக்கும் கோபமில்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. ஆலோசகர் உள்ளே வரும்போது "வாங்க சார்" என்று வழிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய வீட்டு ஆட்கள் வந்து, தலைவாரிவிட்டு, நகம் வெட்டிவிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டுப் போனார்கள். மனைவி எல்லோருக்கும் சேர்த்தே உலை வைத்தார். அவருக்கு நாக்கு நீளம், மனசு அதைவிட நீளம். "பதினோரு மாமியார் மாமனாரோட குடித்தனம் பண்றவ நான் ஒருத்திதான்" என்பார், பதினோரு பேரும் சிரிப்பார்கள், கணவர் மட்டும் சிரிக்க மாட்டார்.

நான்காவது வருடம் மழைக்காலத்தில் இஸ்திரிக்காரம்மா இறந்துபோனார். நின்றபடியேதான். காபி டம்ளரை நீட்டிய ஆலோசகரின் மகள், வாங்கிக்கொள்ளாமல் நிற்கிறாரே என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். இறந்தவருடைய மகன் வண்டி கொண்டுவந்தான். மற்றப் பத்துப் பேரும் கைமாற்றிக் கைமாற்றி வாசல்வரை தூக்கிக் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் தெருமுனையைத் தாண்டி அவரைக் கொண்டுபோக முடிந்தது. ஆலோசகர் வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினார், எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. திரும்பி வந்து குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த வெற்றிடத்தைப் பார்த்து வாய்விட்டு அழுதார். மனைவி தேற்றவில்லை. "அழுங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஐந்தாவது கட்டத்தில் எதையும் எழுதவில்லை. படிவம் திரும்பி வந்தது, அப்படியே மறுபடி அனுப்பினார். மறுபடி வந்தது, மறுபடி அனுப்பினார். முடிவெட்டும் கடையில் துண்டு துவைக்கும் தண்ணீரைக் குறைத்தார், தையல்கடையில் வெட்டுத்துணியைக் குறைத்தார், ஆளைத் தொடவில்லை. பதினெட்டு மாதம் அவர் வீட்டுக்குப் புதிதாக யாரும் வரவில்லை. வேலை தெரிந்தவர் என்றால் அப்போதுதான் அவர் வேலை தெரிந்தவர், ஆனால் அதற்குப் படிவத்தில் இடமில்லை.

அலுவலகத்திலேயே எங்கே எது வீணாகிறது என்று பார்க்க, வெளியிலிருந்து ஒரு இளம்பெண்ணை அனுப்பினார்கள். கெட்டிக்காரி, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பவள். மூன்று நாள் கோப்புகளைப் புரட்டினாள். ஒருவருடைய படிவங்களில் மட்டும் ஐந்தாவது கட்டம் வரிசையாகக் காலியாக இருந்தது. அவளுக்கும் ஐந்து கட்டமுள்ள ஒரு படிவம்தான் கொடுத்திருந்தார்கள், அவளுக்கும் கடைசிக் கட்டம் மிச்சமிருந்தது. ஆலோசகர் அவளுடைய மேசைக்குப் போய் மெதுவான குரலில் சொல்லிப் பார்த்தார்.

"அதை மட்டும் எழுதாதீங்கம்மா. எனக்காகச் சொல்லல. உங்க வீடு எவ்வளவு பெருசு?"

"ரெண்டு ரூம் சார். மாடியில. ஏன் கேக்கறீங்க?"

அவர் விளக்கிச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள், தண்ணீர் கொடுத்தாள், வீட்டில் யாராவது வந்து கூட்டிப்போக முடியுமா என்று விசாரித்தாள். வெள்ளிக்கிழமை கடைசிக் கட்டத்தில் அவருடைய வேலையை எழுதிப் படிவத்தைக் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை அவர் சட்டையை மாட்டிக்கொண்டார், மகளிடம் பாடப்புத்தகங்களைச் சரிபார்க்கச் சொன்னார், பத்துப் பேரிடமும் தனித்தனியாக விடைபெற்றார். மனைவி வாசற்கதவில் குறுக்கே கைவைத்து நின்றார், அவ்வளவு சீக்கிரம் விடுகிறவர் இல்லை. கதவு தாழிட்டபடியேதான் இருந்தது, கை குறுக்கேதான் இருந்தது. எட்டு மணிக்கு வீட்டில் அவர் இல்லை.

மதியம் சாப்பாட்டு டப்பாவோடு மனைவி விலாசம் விசாரித்துக்கொண்டு அந்த மாடிக்குப் போனார். அறை நடுவில் கணவர் நின்றுகொண்டிருந்தார். எதிரே அந்தப் பெண் சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்தாள், கண் சிவந்திருந்தது, அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை. திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்த மனைவி, டப்பாவைத் திறந்து கணவருக்கு ஊட்டினார். அவர் பாதியில் போதும் என்றார், அதட்டி மீதியையும் ஊட்டினார்.

"அக்கா, அவருக்கு ஒரு நாற்காலி போடட்டுமா?" என்றாள் அந்தப் பெண்.

"உக்கார வராதும்மா. மதியம் நான் கொண்டாந்துடறேன், ராத்திரிக்கு மட்டும் நீ பாத்துக்க. கால் வீங்கும், வெந்நீர் ஊத்து." மனைவி டப்பாவை மூடினார். அறையை ஒருமுறை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் கண்ணால் அளந்தார். பிறகு கணவரின் தோளில் கைவைத்து மெல்ல நகர்த்தினார், அவரும் நகர்ந்து மூலைச் சுவரோடு சேர்ந்து நின்றார்.

"இப்படி ஓரமா நிக்கட்டும். நடுவுல இடம் வேணும் உனக்கு."