முப்பத்தேழாம் இதழின் ஏலம்

எத்தாளை என்ற கரையோர ஊரில் மர்ஸூக்கின் வெங்காயப் பாத்திகள் வியாழக்கிழமை காலையிலிருந்து தண்ணீர் காணவில்லை. கிணற்றடி மோட்டர் புகைந்து, கருகிய வாடை விட்டு, அத்தோடு படுத்துவிட்டது. மணல் நிலம். இன்னும் இரண்டு நாள் போனால் வெங்காயத் தாளெல்லாம் மஞ்சளித்துவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சோறு தின்ற கையோடு மனைவி றிஷ்னா அலுமாரியைத் திறந்து ஓர் உறையை எடுத்து நீட்டினாள். பள்ளிக்கூடச் சட்டை தைத்துத் தைத்து அவள் சேர்த்த அறுபதாயிரம் ரூபாய்.

"இஞ்ச பாருங்க, நுரைச்சோலைக் கடைய ஆறு மணிக்குப் பூட்டிடுவாங்க. வழியில எங்கயும் கதைச்சிக்கிட்டு நிக்காமப் போங்க."

"ஓம், ஓம். மோட்டரோடதான் வருவன்."

சொன்னபோது அவன் மனதில் கள்ளமில்லை. கள்ளம் சட்டைப் பையில், கைப்பேசிக்குள் இருந்தது.

மர்ஸூக் நல்ல மனிதன். புகை இல்லை, சீட்டு இல்லை. ஒரே ஒரு பைத்தியம், பழைய சித்திரக்கதைப் புத்தகம். 'சாகசச் சுரங்கம்' என்று ஒரு மாதப் பத்திரிகை அறுபது இதழோடு நின்றுபோனது. அதில் ஐம்பத்தொன்பது அவனிடம் இருந்தன. முப்பத்தேழாம் இதழ் மட்டும் இல்லை. இருக்கிற ஐம்பத்தொன்பதை அவன் புரட்டிப் பார்த்து வருடமாகிறது. இல்லாத அந்த ஒன்றைத்தான் தூக்கத்திலும் தேடினான். சேகரிப்பவர்களின் புத்தி அப்படித்தான்.

அந்த முப்பத்தேழு அன்று ஓர் இணையக் குழுவில் ஏலத்துக்கு வந்திருந்தது. முடிவு மாலை ஐந்து மணி. மோட்டர் கடை வாசலில் அவன் சைக்கிளை நிறுத்தியபோது மணி நாலரை. 'நாலாயிரம் வரைக்கும் கேட்போம், அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை' என்று தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டு கைப்பேசியைத் திறந்தான்.

"பிஸ்மில்லாஹ், நாலாயிரம்" என்று எழுதினான். 'சிலாபத்தான்' என்ற பெயரில் ஒருவர் உடனே ஐயாயிரம் என்றார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கரையில் கந்தூரி விருந்து முடிந்தால் பள்ளிவாசல் முற்றத்தில் ஏலம் நடக்கும். ஒரு முட்டை ஆயிரத்துக்குப் போகும், காசு பள்ளிக்கு. எடுத்தவர் அதைப் பள்ளிக்கே திருப்பிக் கொடுப்பார், அதே முட்டை மறுபடி ஏலம் போகும். அங்கே கூட்டிக் கேட்பது நன்மை, பின்வாங்குவது கொஞ்சம் வெட்கம். மர்ஸூக் ஏலம் கேட்கப் பழகியது அந்த முற்றத்தில்தான். அதே நாக்கோடும் அதே ரோசத்தோடும் இணையத்திலும் இறங்கிவிட்டான் அப்பாவி.

பத்தாயிரம் என்றான். அவர் பன்னிரண்டு. இருபது என்றான். அவர் இருபத்தைந்து. நூற்றுக்கு மேற்பட்டோர் வேடிக்கை பார்த்தார்கள். "விடாதீங்க நானா!" என்று எவனோ அண்ணன் முறை சொல்லி உசுப்பினான். இவ்வளவு தூரம் வந்துவிட்டு விட்டுக்கொடுப்பதா என்று தோன்றியது. புத்தகம் மறந்தே போயிற்று. சிலாபத்தானைத் தோற்கடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து மணிக்கு அவன் கடைசியாக எழுதியது: "பிஸ்மில்லாஹ், ஐம்பத்தெட்டாயிரம்."

வென்றுவிட்டான். வாழ்த்துகள் குவிந்தன. குழுவின் விதிப்படி தன் தொலைபேசி இலக்கத்தைக் கீழே எழுதிவிட்டு, காசு போட வங்கி இயந்திரத்துக்கு நடந்தான்.

வரிசையில் போய் நின்றான். உறையை வெளியே எடுத்ததும் றிஷ்னாவின் கையெழுத்து தெரிந்தது. 'மோட்டருக்கு' என்று எழுதியிருந்தாள். வெங்காயம் கண்முன் வாடியது. ஆனாலும் நூறு பேர் முன்னால் கொடுத்த வாக்கு. முன்னால் இன்னும் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அப்போது கைப்பேசி அடித்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் நானா. நான் தாஹிர், சிலாபத்துல இரிந்து கதைக்கிறன். ஒங்களோட போட்டிக்கிக் கேட்டது நான்தான். சல்லி போட்டீங்களா?"

"வஅலைக்குமுஸ்ஸலாம். இன்னம் இல்ல. வரிசைல நிக்கிறன்."

"அல்லாவுக்காகப் போடாதீங்க. விக்கிறவரு என்ட கூட்டாளி. வெலைய ஏத்திக் குடுத்தா எனக்கி ஒரு பங்கு தருவாரு. அந்தப் பொஸ்தகம் மூவாயிரத்துக்கு மேல பெறாது நானா."

மர்ஸூக் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"எத்தினையோ பேருக்கு இப்பிடிச் செஞ்சிட்டன். இண்டைக்கி நீங்க ஒவ்வொரு தரமும் பிஸ்மில்லாஹ் எண்டு எழுத எழுத எனக்கி நெஞ்சு அடைச்சிட்டு. அல்லாட பேரச் சொல்லிக் கேக்கிற மனிசன ஏமாத்தினா எனக்கி நித்திர வராது. மாப்புத் தாங்க."

திட்டத்தான் மர்ஸூக் வாயைத் திறந்தான். வந்தது அழுகை. "தாஹிர், நீங்க ஏத்தினீங்க, சரி. ஏறினது நான்தானே? இது என்ட பொஞ்சாதிட சல்லி. அல்லா ஒங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும். நீங்க எனக்கிச் சொன்னத அந்தக் குழுவுலயும் சொல்லுங்க, அது போதும்."

வரிசையை விட்டு விலகி ஓடினான். கடைக்காரர் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். மோட்டர் கிடைத்தது. அன்று அந்தி மஃரிப் தொழுகையில் அவன் நெற்றியைத் தரையில் வைத்த சுஜூது வழக்கத்தைவிட நீண்டது.

மறுநாள் காலையில் பாத்திகளுக்குள் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அவன் றிஷ்னாவிடம் ஒன்று விடாமல் சொன்னான். தாஹிர் குழுவில் தன் பிழையை ஒப்புக்கொண்டு எழுதியதையும், குழுவினர் விற்றவரை வெளியேற்றிவிட்டதையும் காட்டினான். அவள் மண்வெட்டியில் சாய்ந்தபடி வாசித்து முடித்தாள்.

"பள்ளி ஏலத்துல கூடக் குடுத்தா கூரைக்கி ஓடாகும். இதுல குடுத்தா எவன்ட வீட்டுக்கோ மாடியாகும். இனி கூட்டிக் கேக்க முந்தி, கூடுற சல்லி யாருக்கிப் போகுதெண்டு கேளுங்க. பதில் தெரியாட்டி வாய மூடிக்கிட்டு வாங்க."

"வல்லாஹி, இனி அப்பிடித்தான்" என்று ஆணையிட்டான். பிறகு மெல்லச் சொன்னான்: "வெங்காயம் கிண்டினதும் மொத சாக்கு தாஹிருக்கு அனுப்போணும்."

"ஏமாத்தப் பாத்தவருக்கா?"

"ஏமாத்த ஆயிரம் பேர் இரிக்கிறாங்க, றிஷ்னா. கையில வந்த சல்லிய வேணாமெண்டு பாதி வழியில நிண்டு உண்மையச் சொன்னவரு அவரு ஒருத்தர்தான். அவருக்கு நன்றி சொல்லாட்டி, உண்மை சொல்ல இனி யாரு வருவாங்க?"

றிஷ்னா மண்வெட்டியைக் கீழே வைத்தாள். நல்ல சாக்காக ஒன்றைத் தேடிக் கிணற்றடிக் கொட்டிலுக்குள் போனாள்.