ஓடி முடிக்குமுன் போடக்கூடாத டீ-ஷர்ட்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சொன்னால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. கற்றுக்கொள்ள வந்தவர் நேராகச் சுவரைப் பார்த்து வண்டியை விடுவார். பக்கத்து சீட்டில் இருக்கும் நான், என் காலடியில் உள்ள இரண்டாவது பிரேக்கை மிதித்து எங்கள் இருவர் உயிரையும் காப்பாற்றுவேன். அப்புறம் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். காலையில் என்னோடு ஓடும் பெண்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பிரேக் அக்கா.

ஓடுகிறவர்களுக்கு உடுப்பு விஷயத்தில் எழுதாத சட்டங்கள் நிறைய உண்டு. கல்யாண வீட்டில்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள். பந்தயத்தன்று உடம்பில் புதிதாக எதுவும் ஏறக்கூடாது, காலுறைகூடப் பழசாக இருக்க வேண்டும். நம்பர் அட்டையை நான்கு ஊக்கு போட்டு நெஞ்சில்தான் குத்த வேண்டும். விடியற்காலைக் குளிருக்குப் போட்டுவந்த பழைய ஸ்வெட்டரைக் கிளம்பும்போது ஓரமாக வேலியில் மாட்ட வேண்டும், பின்னால் வருகிறவர் காலில் சிக்கும்படி எறியக்கூடாது. இதெல்லாம் சில்லறை. பெரிய சட்டம் ஒன்று இருக்கிறது. முந்தைய நாள் நம்பரோடு சேர்த்து ஒரு டீ-ஷர்ட் கொடுப்பார்கள். அதை ஓடி முடித்த பிறகுதான் போட வேண்டும். முன்னாலேயே போட்டுக்கொண்டு வந்து நின்றால் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அந்தப் பார்வையைப் போன வருஷம் நான் வாங்கினேன். இருபத்தோரு கிலோமீட்டர் எனக்கு அதுதான் முதல் தடவை, சட்டமும் தெரியாது. பச்சை டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு போய் ஜம்மென்று நின்றேன். முதுகில் பெரிய எழுத்தில் ‘ஓடி முடித்தேன்’ என்று இருந்தது. பதினேழாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு கடைசியில் ஒரு வேன் வரும், அள்ளுவண்டி என்போம். அது என்னையும் அள்ளிக்கொண்டு போனது. வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தபோது ஒரு பெரியவர் என் முதுகைப் படித்துவிட்டு, “ஓடி முடிச்சிட்டு வர்றியாம்மா, உக்காரு” என்று எழுந்து இடம் கொடுத்தார். திருட்டு நகையைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. உட்காரவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நொண்டி நொண்டி நடந்தே வீட்டுக்கு வந்தேன். அந்தச் சட்டை அலமாரியின் அடித்தட்டுக்குப் போனது போனதுதான்.

அதனால் இந்த வருஷம் எனக்கு ஒரே ஒரு வெறி. முழுசாக ஓடி முடித்து, இந்த வருஷத்து டீ-ஷர்ட்டை உரிமையோடு போட வேண்டும்.

எட்டு மாதம் பயிற்சி. அத்தனை நாளும் நான் போட்டு ஓடியது ஒரே சாம்பல் நிறப் பனியன். கழுத்து தளர்ந்து, தையலெல்லாம் துவண்டு, அக்குளில் நானே கத்தரித்த ஓட்டையோடு இருக்கும். என்னிடம் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று பத்தாவது கிலோமீட்டரில் கையிடுக்கை அறுத்துவிடும். இன்னொன்று வியர்வை பட்டால் கோந்துபோல ஒட்டிக்கொள்ளும். எனக்குச் சரிப்படுவது அந்தச் சாம்பல்தான்.

சனிக்கிழமை மதியம் நம்பரும் நீல டீ-ஷர்ட்டும் வாங்கிவந்து கவரைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்தேன். சாம்பல் பனியனைத் துவைத்து பால்கனிக் கொடியில் போட்டுவிட்டு வகுப்பெடுக்கப் போனேன்.

என் வீட்டுக்காரர் தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷன், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு உதவி செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டால் வீட்டில் ஏதாவது ஒன்று வீணாகும். அன்றைக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. சாயங்காலம் நான் திரும்பியபோது, நீல டீ-ஷர்ட் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு, ஹேங்கரில் கதவுமேல் தொங்கியது. ‘முடித்த பிறகு போடப்போகிற சட்டைக்கு இப்போதே இஸ்திரியா’ என்று சிரித்துக்கொண்டேன். மற்ற சாமான்களை எல்லாம் நாற்காலியில் எடுத்து வைத்தேன். பனியன் நன்றாகக் காயட்டும் என்று பால்கனிப் பக்கம் போகவே இல்லை.

விடியுமுன் எழுந்து போய்ப் பார்த்தால் கொடியில் கிளிப் மட்டும்தான் இருக்கிறது.

“என்னங்க, இங்க காயப்போட்டிருந்த பனியன் எங்க?”

“எந்தப் பனியன்?” என்றார் தூக்கக் கலக்கத்தில்.

“சாம்பல் கலரு.”

“அந்த ஓட்டையா? கடைக்குக் கொண்டு போயிட்டேன். கை துடைக்கத் துணி இல்ல. உனக்குத்தான் புதுசு தேய்ச்சு வெச்சிருக்கேனே.”

நான் போட்ட கத்தலில் மாடி வீட்டில் விளக்கு எரிந்தது. அவர் எழுந்து நின்று, திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் ரொம்ப நேர்மையாகக் கேட்டார். “புதுசு போட்டா கால் ஓடாதா?”

அப்போதுதான் அந்தப் பஸ் கதையைச் சொன்னேன். அதுவரை அவரிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிப்போனது. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு சட்டைகூட மாட்டாமல் ஓடினார்.

திரும்பி வந்தபோது பனியன் அவர் கைக்குள் சுருண்டு கிடந்தது. கழுத்துப் பக்கம் ஒரு கிரீஸ் தீற்றல். வயிற்றுப் பக்கம் டியூப் ஒட்டும் பசை காய்ந்திருந்தது. பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது.

“அலசித் தரட்டுமா?”

“ஈரத்தோட ஓடினா தோல் உரிஞ்சிடும். குடுங்க.”

போட்டுக்கொண்டேன். என்னைத் திரும்பவிடாமல் அவரே என் முன்னால் குனிந்து நம்பரைக் குத்தினார். ஊக்கு ஒவ்வொன்றையும் குத்தி, அழுத்தி, தள்ளி நின்று பார்த்து, மறுபடி அழுத்தினார். அவர் ஏன் என்னைத் திரும்பவிடவில்லை என்று யோசிக்க எனக்கு நேரமில்லை.

மைதானத்தில் எங்கள் குழுத் தலைவி நின்றிருந்தார். பல் டாக்டர், நாங்கள் கேப்டன் என்போம். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்வதாலோ என்னவோ, தன் வாயை அதிகம் திறக்க மாட்டார். அவரே மூக்கைப் பிடித்துக்கொண்டு, “என்ன இது, பெட்ரோல்ல குளிச்சியா?” என்றார்.

நடந்ததைச் சொன்னேன். பக்கத்தில் ஹேங்கரும் கையுமாக நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“நீலத்தையே போட்டுக்கோ. அது கொஞ்சம் உறுத்தும், அவ்வளவுதான். உன் நிலைமைக்கு யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“நான் கேப்பேன் கேப்டன்.”

கேப்டன் என்னை ஒரு பார்வை பார்த்தார். போன வருஷம் பார்த்த பார்வை இல்லை இது. “அப்ப ஓடு” என்றார். என் வீட்டுக்காரரிடம், “நீங்க முடியிற இடத்துல போய் நில்லுங்க” என்றார். அவர் ஹேங்கரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனார்.

ஸ்வெட்டரைக் கழற்றி வேலியில் மாட்டினேன். எனக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாற்றத்துக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வழியெல்லாம் இதே கதை. என்னைத் தாண்டிப் போன ஒருவர் திரும்பி, “சூப்பர் டிசைன்!” என்று கட்டைவிரலைக் காட்டினார். தண்ணீர் கொடுத்த பெண், நான் நாலடி தள்ளிப் போனதும் பக்கத்திலிருந்தவளைக் கூப்பிட்டு என்னைக் காட்டினாள். நாக்கு நுனி வரை வந்த வசவையெல்லாம், மூச்சு வீணாகுமே என்று விழுங்கினேன். உண்மையைச் சொன்னால், பதினைந்தாவது கிலோமீட்டர் வரைக்கும் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் கோபம்தான். அதற்குப் பிறகு கோபம் தீர்ந்துவிட்டது, காலும் தீர்ந்துவிட்டது.

பதினேழாவது கிலோமீட்டர். போன வருஷம் உட்கார்ந்த அதே மரச்சாமான் கடை, அதே படிக்கட்டு. கெண்டைக்கால் சொல்லிவைத்தாற்போல முறுக்கிக்கொண்டது. நடந்தேன், நின்றேன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். பின்னால் அள்ளுவண்டி வரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, ஓட்டுகிறவர் கிளட்சிலிருந்து காலை எடுக்காமல் தேய்த்துக்கொண்டு வருகிறார் என்று.

வேன் பக்கத்தில் வந்து நின்றது. “ஏறிக்கிறீங்களாம்மா?” என்றார் டிரைவர். கதவு திறந்திருந்தது. உள்ளே சீட்டு காலியாக இருந்தது. ஏறிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

“ஏங்க, நின்னுடாதீங்க! நீங்க நின்னா நானும் நின்னுடுவேன்!”

பின்னால் ஒரு கண்ணாடிக்காரி, என் வயசுதான் இருக்கும், மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தாள். முன்பின் பார்த்ததில்லை.

“எனக்கு முடியலங்க. நீங்க போங்க.”

“எப்படிப் போறது? பாதி தூரமா உங்க முதுகைப் பாத்துக்கிட்டேதானே வர்றேன். அந்த ரெண்டு கையும் உங்களைத் தள்ளிக்கிட்டே வருது. அதைப் பாத்தா என்னையும் யாரோ தள்ளுற மாதிரி இருக்கு.”

“எந்தக் கை?”

“தெரியாதா உங்களுக்கு? முதுகு நடுவுல கருப்பா ரெண்டு உள்ளங்கை. பத்து விரலும் அப்படியே பதிஞ்சிருக்கு. நீங்க வேணும்னே அச்சடிச்சு போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

எனக்கு விளங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் துணியில் கை துடைக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? துணியை விரித்துப் போட்டு, இரண்டு கையையும் சேர்த்து ஒரே அமுக்கு. வீட்டில் எந்தத் துண்டை எடுத்தாலும் அந்தக் கைதான் இருக்கும். தலையணை உறையில் உண்டு, ஒரு தடவை சமையலறைச் சுவரிலும் இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் அந்தக் கையோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதை என் முதுகில் ஒட்டி ஊரெல்லாம் ஊர்வலம் விட்டிருக்கிறார்!

முதலில் பற்றிக்கொண்டுதான் வந்தது. இரு, வீட்டுக்கு வருகிறேன் என்று கறுவினேன். ஆனால் சட்டைகூடப் போடாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினாரே, அது கண் முன்னால் வந்தது. நடுரோட்டில் நின்று சிரித்துவிட்டேன். கண்ணாடிக்காரியும் எதற்கென்று தெரியாமலே சிரித்தாள்.

காலில் வலி அப்படியேதான் இருந்தது, ஒன்றும் குறையவில்லை. நான் வேன் டிரைவரைப் பார்த்து, “முதல்ல கிளட்சிலேருந்து காலை எடுங்க. தேய்ஞ்சிடும்” என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

மிச்சமிருந்த தூரத்தை எப்படி ஓடினேன் என்று கேட்டால் அழகாகச் சொல்ல வராது. ஒரு காலை இழுத்துக்கொண்டு, எதிரே வந்த விளக்குக் கம்பத்தையெல்லாம் திட்டிக்கொண்டு ஓடினேன். என் வேகம் குறைந்தபோதெல்லாம் பின்னாலிருந்து, “கை தள்ளுது, கை தள்ளுது!” என்று குரல் வந்தது. முடிகிற இடத்து வளைவு கண்ணுக்குத் தெரிந்தபோது அதன்மேல் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கெடு முடியக் கடைசி நிமிஷங்களை யாரோ மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். தடுப்புக்கு மேல் ஒரு நீலச் சட்டை ஹேங்கரோடு ஆடிக்கொண்டிருந்தது. கோட்டைத் தாண்டினேன்.

முடித்துவிட்டேன். முழுசாக, என் காலால். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதை மறைப்பானேன்? கண்ணாடிக்காரி ஓடிவந்து என்மேல் விழுந்தாள், இருவரும் கட்டிக்கொண்டு கூச்சல் போட்டோம். கழுத்தில் பதக்கம் மாட்டினார்கள். கேப்டன் தூரத்தில் நின்று, அதிசயமாக வாயைத் திறந்து விசிலடித்தார்.

என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்க்கப் பயந்து பதக்கத்தையே பார்த்துக்கொண்டு ஹேங்கரை நீட்டினார்.

“இப்பப் போடலாம்ல?”

“போடலாம். இப்ப அது என்னுது.”

போட்டோக்காரர் வந்துவிட்டார். “நேரா பாருங்க மேடம், பதக்கத்தைத் தூக்கிப் பிடிங்க” என்றார்.

“இருங்க, இருங்க” என்று என் வீட்டுக்காரர் பதறினார். “முதல்ல மாத்திட்டு வந்துடு. அதுல ஒரே அழுக்கு.”

“பதினேழாவது கிலோமீட்டர்ல வேன் வந்து கதவைத் திறந்து நின்னுச்சுங்க. நானும் ஏறத்தான் பாத்தேன். என்னை அங்கேருந்து இங்க வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்தது யார் தெரியுமா?”

“யாரு?” என்றார் அப்பாவியாக.

நான் அவருக்கும் கேமராவுக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். அந்த மனுஷன் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துக்கொண்டு என் முதுகையும் அவற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இப்ப எடுங்க” என்றேன் போட்டோக்காரரிடம்.