ஒடிக்கக் கூடாத மீஹூன்

என் வீட்டுக்காரர் ஹுமாயூனுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. துறைமுகத்தில் பளு தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவர், வீட்டில் அகப்பையைத் தொட்டதில்லை. அப்படிப்பட்டவர் வருஷத்தில் ஒரு நாள், மார்ச் பன்னிரண்டாம் தேதி, என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு அடுப்பு முன் உட்காருவார். என்னைக் கட்டிக்கொண்ட பிறகு பினாங்குக்குப் பிழைக்கப் போனவர், ஜப்பான்காரன் சண்டை முடிந்து திரும்பியதிலிருந்து இது ஐந்தாவது வருஷம்.

சமைப்பது மீஹூன். கப்பலில் வேலை செய்கிற அவர் தோஸ்து காஜா மொய்தீன் பினாங்கிலிருந்து கொண்டுவந்து கொடுப்பார். நம் சேமியாவைவிட மெல்லிசு, வெள்ளை வெளேரென்று இருக்கும். சீனாக்காரன் பண்டமாயிற்றே, பன்றிக்கொழுப்பு கலந்திருக்குமோ என்று முதலில் அந்தப் பொட்டலத்தைத்தான் சந்தேகப்பட்டேன். வெறும் அரிசி மாவு என்று காஜா சத்தியம் செய்தார். பிறகு என் சந்தேகம் மனுஷன் மேல் திரும்பியது.

பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பார், கொதிக்க விடமாட்டார். பூண்டும் காத்திவாக்கத்து இறால் கருவாடும் வதக்கி, மீஹூனைப் போட்டு, இரண்டு மூங்கில் குச்சியால் பிரித்துப் பிரித்துப் புரட்டுவார். ஒன்றோடொன்று ஒட்டாது. ஓட்டலில் நின்று பார்த்துக் கற்ற கை இல்லை அது.

"ஆம்பள இவ்ளோ பக்குவமா சமைக்கிறான்னா, எவளோ கூட குந்திகினு கத்துக் குடுத்துகீறான்னு அர்த்தம்," என்றாள் பக்கத்து வீட்டு வியாகுலம்மாள்.

எனக்குப் பிள்ளை இல்லை. ஒருத்தி இருப்பது நிஜமானால் இந்த வீட்டில் எனக்கு என்ன இடம்?

இந்த வருஷம் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உதவுகிற சாக்கில், சேமியாவை ஒடிப்பதுபோல மீஹூனை ஒடிக்கப் போனேன். பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒடிக்காதமே. ஆயுசு கொறஞ்சிடும்."

"யாரு ஆயுசு?"

வாயை விட்டுவிட்டது அவர் முகத்தில் தெரிந்தது. "சும்மா. சீனாக்காரங்க சொல்வாங்க. பொறந்த நாளுக்கு நீட்டமா துன்னணும்னு."

"இன்னிக்கு யாருக்குப் பொறந்த நாளு?"

அடுப்புப் பக்கம் திரும்பிப் பூண்டைப் புரட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாரே என்று எரிச்சல் வந்தது. எரிகிற விறகை வெளியே இழுத்துப் போட்டேன்.

"சொல்லுங்க. இல்லாங்காட்டி காஜா அண்ணனக் கேக்கறேன்."

"பொம்பளப் புள்ள," என்றார். "ஏழு வயசு. அவ அம்மா சண்டை முடிஞ்ச வருசமே ஜுரத்துல மவுத்தாயிட்டா. பினாங்குல அதோட சித்திக்காரி வளக்கிறா."

நாலு வருஷமாக அந்தப் பிள்ளையின் பிறந்த நாள் சாப்பாட்டை, இன்னும் கொஞ்சம் என்று பீங்கான் தட்டை நீட்டி நானும் தின்றிருக்கிறேன்.

"பேரு இன்னா வெச்சீங்க?"

நான் இழுத்துப் போட்ட விறகை அடுப்பில் திருப்பித் தள்ளினார்.

"ரஹீமுன்னிசா."

என் பேர். நான் பெறாத பிள்ளையை என் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார், பாவி மனுஷன். எனக்கு அழுகை வந்தது, அடிக்கவும் கை வந்தது.

"என் பேர வெச்சிகினு எவ வூட்லயோ எதுக்கு வளரணும்? அடுத்த கப்பல்ல புள்ளய இட்டாரச் சொல்லி காஜா அண்ணன்கிட்ட சொல்லுங்க," என்றேன். "அதுவரிக்கும் எங்கிட்ட பேசாதீங்க."