என் வாசலைப் பார்த்த பொம்மை

என் ஓரகத்தி பூமயில் போடும் ஒவ்வொரு கரிமூட்டத்துக்கு முன்னாலும் நின்ற திருஷ்டி பொம்மை ரோட்டைப் பார்த்து நிற்கவில்லை. என் வாசலைப் பார்த்து நின்றது. வைக்கோல் திணித்த உடம்பு, சட்டித் தலை, சுண்ணாம்பில் வரைந்த முட்டைக் கண், என் கொழுந்தன் வீரையாவின் கிழிந்த சட்டை. ஊரில் அத்தனை பேர் கண் இருக்க, என் கண்ணுக்கு மட்டும் காவல்.

பொறாமை இருந்தது. இல்லையென்று சாதிக்க மாட்டேன். அந்தத் தொழில் என்னுடையது. என் அய்யா கடலாடிப் பக்கம், விறகை அடுக்கி மண் பூசிப் புகையவிட்டுக் கரியாக்கும் மூட்டம் போட்டவர். புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே விறகு எந்தப் பதத்தில் இருக்கிறதென்று சொல்லும் அளவுக்கு நான் சிறு வயதிலேயே பழகியிருந்தேன். மழை பொய்த்து எங்கள் நிலமெல்லாம் சீமைக்கருவை மண்டியபோது, வெட்டி மூட்டம் போடுவோம் என்று என் வீட்டுக்காரர் மலையாண்டியிடம் கெஞ்சினேன். விவசாயம் பார்த்த குடும்பம் கரி அள்ளுவதா என்று துண்டை உதறிவிட்டுப் போனார். அந்த எரிச்சலைப் பூமயிலிடம் கண்மாயில் துணி துவைக்கும்போது கொட்டினேன். விறகை எப்படி அடுக்குவது, மேலே வைக்கோல் எவ்வளவு, ஈரமண் எவ்வளவு கனம் பூசுவது என்று வாய் ஓயாமல் சொல்லித் தொலைத்தேன். அவள் "அப்புறம்க்கா, அப்புறம்க்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த மாதமே மூட்டம் போட்டுவிட்டாள். அது தொண்ணூற்றைந்தாம் வருடம்.

முதல் மூட்டம் பாதி சாம்பலானது. அன்று எனக்கு நல்ல தூக்கம். ஆனால் அவள் விடவில்லை. வெட்டிய கருவையின் தூரை வேரோடு தோண்டி எரித்தாள்; தூர்க்கரிதான் நின்று கனலும். தூசியைச் சலித்துத் தள்ளி, ஒரே அளவுத் துண்டுகளாகப் பொறுக்கி மூட்டை கட்டினாள். இராமேஸ்வரத்தில் லாட்ஜ்களுக்கு இஸ்திரி போடுகிறவர்கள் பூமயில் கரிதான் வேண்டுமென்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு மூட்டம் நாலானது. வீரையா பைக் வாங்கினான். நான் அரிசி புடைத்தாலும் புளி உடைத்தாலும் வாசலில்தான் உட்கார்ந்தேன். அவள் வீட்டுக்கு லாரி எத்தனை தடவை வந்தது என்று அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

தொண்ணூற்றெட்டு பங்குனியில் எல்லாவற்றிலும் பெரிய மூட்டமாக ஒன்று போட்டாள். அத்தனையும் தூர்க்கட்டை. சொன்ன நாளில் சரக்கு போகாவிட்டால் லாட்ஜ் வாடிக்கை மொத்தமும் உச்சிப்புளி ஊர்க் கரி வியாபாரி ஒருவருக்குப் போய்விடும் என்று ஊரே பேசியது. அப்படிப்பட்ட மூட்டத்தை எரியவிட்டுவிட்டு, மூன்றாம் நாள் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் இராமேஸ்வரத்துக்கு பஸ் ஏறினார்கள். காவலுக்கு ஒரு ஆள்கூட இல்லை. என்ன திமிர் என்று நினைத்தேன்.

உச்சி வெயிலில் தென்பக்கத்துப் புகை மாறியது. வெள்ளையாக வரவேண்டியது நீலமாக வந்தது. பூசிய மண் எங்கோ வெடித்துக் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் பொழுது சாய்வதற்குள் கரி முழுவதும் சாம்பல்.

நான் எழுந்திருக்கவில்லை. எரியட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். மனசு குளிர்ந்தது என்றே சொல்வேன். கையிலிருந்த புளியை முழுவதும் கொட்டை நீக்கி முடித்தேன். அதற்குள் வெடிப்பில் சிவப்பாகத் தணல் தெரிந்தது. உள்ளே இருந்தது எப்பேர்ப்பட்ட தூர் என்று எனக்குத் தெரியும். அடுக்கும்போது ஒவ்வொரு கட்டையையும் பார்த்தவள் நான். அது வீணாகப் போவதைக் கை பொறுக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மண்ணைக் குழைத்து அப்பினேன். பூமயிலைத் திட்டிக்கொண்டே அப்பினேன். முழங்கை வெந்தது, முன்முடி பொசுங்கியது. புகை வெளுத்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

சாயங்காலம் அவர்கள் வந்தபோது நான் மண்கையோடு அங்கேயே நின்றேன். பூமயில் புது மண்பூச்சைப் பார்த்தாள், என் முழங்கையைப் பார்த்தாள், உள்ளே ஓடிப்போய்த் தேங்காயெண்ணெய் எடுத்து வந்தாள்.

"காவலுக்கு ஒரு ஆளப் போடாம ரெண்டு பேரும் கிளம்பிப் போனா என்னடி அர்த்தம்?" என்று கேட்டேன்.

எண்ணெயைத் தடவிக்கொண்டே சொன்னாள். "ஆளு எதுக்குக்கா? விடிஞ்சதுல இருந்து நீங்க இங்கனயேதான பாத்துக்கிட்டு இருப்பீக. அந்தத் தைரியத்துலதான் மூணு வருசமா நான் வெளிய போறேன், வாரேன்."

கிண்டலே இல்லாமல் சொன்னாள். அதுதான் சுட்டது. மூன்று வருடமாக அவள் மூட்டத்துக்குக் கூலியில்லாத காவல்காரி நான்.

அடுத்த மூட்டத்துக்கு அவள் பொம்மை வைக்கவில்லை. நான் வீம்புக்குக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து உலை வைத்தேன். அரிசி கொதிக்கும்வரைதான் பொறுக்க முடிந்தது. எழுந்துபோய்க் கதவை ஒரு சாண் திறந்து பார்த்தேன். புகை வெள்ளையாகத்தான் வந்துகொண்டிருந்தது.